எழுத்துரு போனால் நிக்காஹ் பதிவும் போகுமா?

மென்பொருள் மாறும் வேகத்தைக் குறை கூறினால், காலத்தோடு ஓடத் தெரியாதவர்கள் என்று நம்மை நகைப்போர் உண்டு. ஓடுவதற்கு நமக்குத் தயக்கமில்லை. கையிலுள்ள அமானிதத்தை வழியில் போட்டுவிட்டு ஓடச் சொல்வதைத்தான் ஏற்க மறுக்கிறோம்.

யூனிகோடு பரவுமுன், தமிழ் மென்பொருள் நிறுவனங்கள் தத்தமக்கென எழுத்துருக்களை வைத்திருந்தன. திரையில் தெரிந்தது தமிழ். கோப்பினுள் இருந்தவையோ ஆங்கில எழுத்துகளுக்கும் பிற குறிகளுக்கும் உரிய எண்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அதே கோப்பு வெறும் கிறுக்கலாகும். இக்குழப்பம் தீர, 1999இல் சென்னைத் தமிழ் இணைய மாநாட்டையொட்டித் தமிழக அரசு டாம், டாப் என்னும் குறியீட்டுத் தரங்களை அறிவித்தது. 2010இல் கோவைச் செம்மொழி மாநாட்டின்போது யூனிகோடும் டேஸ்16உம் தரங்களாயின. யூனிகோடு நல்ல மாற்றமே. அதில் எழுத்துரு மாறினாலும் எழுத்து மாறாது. ஆனால் அதற்குமுன் தட்டச்சிட்டவற்றை மாற்றித் தரும் பொறுப்பை ஏற்றவர் யார்? மாற்றிகள் கிடைக்கின்றன, எந்த எழுத்துரு என்று அறிந்தவருக்கே அவை உதவும்.

கீழ்பென்னாத்தூர் போன்ற ஊர்களில் மக்தப் பாடக் குறிப்புகள் தொலைந்தால் மீண்டும் எழுதிக்கொள்ளலாம். நிக்காஹ் பதிவின் நகலையும் வக்ஃப் நிலத்தின் குத்தகை விவரத்தையும் நினைவிலிருந்து எழுத முடியுமா? தகப்பனார் மவ்த்தாகிப் பாகப்பிரிவினைக்காகத் தாயின் நிக்காஹ் சான்று தேடி வரும் பிள்ளையிடம், "கோப்பு இருக்கிறது, எழுத்துரு இல்லை" என்பது என்ன நியாயம்?

இப்போது அடுத்த சுற்று. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 வசதி இல்லாவிட்டால், நன்றாக இயங்கும் கணினியும் பழையதாம். இதை முன்னேற்றம் என்கிறார்கள். மார்க்கத்தில் இதற்கு வீண்விரயம் என்று பெயர். கணினி கைமாறும் வேளையில்தான் பழைய எழுத்துருக்களும் தொலைகின்றன.

ஆகவே ஜமாஅத் நிர்வாகிகளே, பழைய கணினியைத் தள்ளுமுன் எழுத்துருக் கோப்புகளைப் பிரதியெடுங்கள். பதிவுகளை யூனிகோடுக்கு மாற்றி, ஹிஃப்ழ் மாணவர் ஓத உஸ்தாத் கேட்பதுபோல, ஒருவர் வாசிக்க மற்றவர் மூலத்துடன் ஒப்பிடுங்கள். நிக்காஹ் தஃப்தரை மையால் எழுதுவதை நிறுத்தாதீர்கள். புதிய மென்பொருள் விற்க வருபவரிடம், எங்கள் பதிவுகளை இதிலிருந்து வெளியே எடுப்பது எப்படி என்று முதலில் கேளுங்கள். தயங்கினால், தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.