குறுக்கு விசாரணைக்கு யார் கூலி தருவது?

குற்ற வழக்கில் அரசின் பக்கம் காவல் நிலையம், தடயவியல் ஆய்வகம், அரசு வழக்கறிஞர் என ஒரு படையே நிற்கிறது. எதிர்ப் பக்கத்தில், மாவட்ட நீதிமன்றங்களில் பெரும்பாலும் ஒற்றை வக்கீல். ஊருக்கு அவர் ஜாமீன் வாங்கித் தருபவர்; தொழிலும் அதை நம்பித்தான் ஓடுகிறது. ஆள் உள்ளே இருக்கும்வரை குடும்பம் நகையை அடகு வைத்தாவது ஃபீஸ் கொடுக்கும். வெளியே வந்ததும் அது வற்றிவிடும். வழக்கின் முடிவைத் தீர்மானிக்கும் சாட்சி விசாரணையோ சில ஆண்டுகள் கழித்து வருகிறது. அப்போது வாய்தாவுக்கு இவ்வளவு என்று கிடைப்பதே வருமானம். வீட்டில் உட்கார்ந்து வழக்குக் கட்டைப் படிக்கும் இரவுகளுக்கு யாரும் பணம் தருவதில்லை. நம் குற்றவியல் நீதியின் பெரிய ஓட்டை இங்கேதான் இருக்கிறது.

குறுக்கு விசாரணை என்பது சினிமா வசனமல்ல. 'எதிரி கத்தியை எடுத்ததைப் பார்த்தேன்' என்கிறார் சாட்சி. போலீஸ் பதிவு செய்த அவரது வாக்குமூலத்தில் கத்தியே இல்லை. அதை நீதிபதியிடம் சுட்டிக்காட்டினால் போதாது. விசாரணையில் அப்படிச் சொல்லவில்லையே என்று சாட்சியிடம் கேட்க வேண்டும். அவர் மறுத்தால், பிறகு கூண்டேறும் விசாரணை அதிகாரியிடமும் அதே கேள்வியைக் கேட்டுப் பதிவாக்க வேண்டும். இரண்டாவது கேள்வி விட்டுப்போனால் முதல் கேள்வி வீண், மேல்முறையீட்டிலும் கைகொடுக்காது. எஃப்ஐஆர் மாஜிஸ்திரேட்டிடம் எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தது, மகஜரில் கையெழுத்திட்டவர் யார் என்பதெல்லாம் கட்டை வரிவரியாகப் படித்தவருக்கே தெரியும்.

படிக்க நேரமில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மத்தியப் பிரதேசத்தின் கண்ட்வா வழக்கு சாட்சி. 2013-இல் அங்கே ஒரு குழந்தைக் கொலை வழக்கில் எதிரிக்குச் சட்ட உதவி வழக்கறிஞர் நியமிக்கப்பட்ட அன்றே குற்றச்சாட்டும் வனையப்பட்டது. இரண்டே வாரத்தில் விசாரணை முடிந்து தூக்குத் தண்டனை வந்தது. 2019-இல் அதை ரத்து செய்த உச்ச நீதிமன்றம், ஆயுள் அல்லது மரண தண்டனைக்கு வாய்ப்புள்ள வழக்குகளில் அப்படி நியமிக்கப்படுபவருக்குத் தயாராகக் குறைந்தது 7 நாள் தரவேண்டும் என்றது. மறுவிசாரணையிலும் தூக்கு, அதுவும் ரத்தானது. 2024-இல் அவர் விடுதலையானார். அதுவரை 11 ஆண்டுகள் சிறை.

குற்றவாளிக்கு இவ்வளவு கரிசனம் எதற்கு என்ற கேள்வி எழும். தீர்ப்புக்கு முன்பு அவர் குற்றவாளி அல்ல; யாராக இருந்தாலும் அவருக்காக வாதாட ஒருவர் வேண்டும். வக்கீல்களே இதை மறந்ததுண்டு. வக்கீல்களோடு மோதிய போலீஸாருக்காக யாரும் ஆஜராகக் கூடாது என்று கோயம்புத்தூர் வழக்கறிஞர் சங்கம் தீர்மானம் போட்டது. அத்தகைய தீர்மானங்கள் செல்லாது என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. வாய்தா கேட்டு வழக்கை இழுப்பவரும் இதே வக்கீல்தானே என்பது கனமான ஆட்சேபம்; மறுப்பதற்கில்லை. ஆனால் வாய்தாவுக்குக் காசு, தயாரிப்புக்கு வெறுங்கை என்று ஏற்பாடு இருந்தால், மூன்று கோர்ட்டுக்கு ஒரே காலையில் ஓடுகிறவர் வேறென்ன செய்வார்? இலவசச் சட்ட உதவி இருக்கிறதே என்பார்கள். காவலில் இருப்பவர் யாராயினும் அதற்கு உரிமையுண்டு. 2022 முதல் முழுநேரச் சம்பளத்தில் சட்ட உதவிப் பாதுகாப்பு வழக்கறிஞர்களும் வந்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஜாமீனில் வெளியே வந்து, வருமான வரம்பைச் சற்றே தாண்டி நிற்கும் ஆட்டோ ஓட்டுநரோ சிறு கடைக்காரரோ அதில் அடங்குவதில்லை. அவர்களுக்குத் தனி வக்கீலே கதி.

ஆகவே மாநிலச் சட்டப் பணிகள் ஆணைக்குழு, செஷன்ஸ் வழக்குகளிலாவது இத்தகையவர்களுக்கும் உதவியை நீட்டி, கட்டைப் படித்துக் குறுக்கு விசாரணைக்குத் தயாராவதற்கென்று தனிக் கட்டணம் நிர்ணயிக்க வேண்டும். நீதிமன்றங்களும் சாட்சி விசாரணையை இந்த நாள், இந்த நேரம் என்று முன்கூட்டியே குறித்துக் கொடுக்கலாம். அதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.