துவாலுவின் மாய ராஜ்யம்

பசிபிக் சமுத்திரத்தில் ஒன்பது தீவுகளும் ஏறக்குறைய 11,000 ஜனங்களும் கொண்ட துவாலு தேசம் 1978-ம் வருஷத்தில் சுதந்திரம் பெற்றது. இன்று அதன் பூமியே கடலுக்கு இரையாகும் அபாயத்திலிருக்கிறது. 2022 நவம்பரில் எகிப்தில் கூடிய பருவநிலை மகாநாட்டுக்கு விடுத்த செய்தியில் அத்தேசத்து மந்திரி ஸ்ரீ ஸைமன் கோபே, ‘மெட்டாவெர்ஸ்’ என்னும் மாயவுலகத்தில் தமது நாட்டைப் பிரதி செய்து வைக்கப்போவதாக அறிவித்தார். தே அபுவாலிகு என்னும் சிறு தீவிலிருந்து அவ்வேலை தொடங்கிற்று.

இதைக் கேட்டு நகைப்பவர்கள் உண்டு. நாம் நகைக்கமாட்டோம். வேறு வழியில்லாமையினாலேயே இதற்குத் துணிந்ததாக அம்மந்திரியே கூறியிருக்கிறார். 2023-ல் துவாலு தன் அரசியல் சட்டத்தைத் திருத்தி, நிலம் போயினும் ராஜ்யம் நிலைக்கும் என்று எழுதிக்கொண்டது. அங்கங்களில் ஒன்று மறைவதனால் மாத்திரம் ஒரு ராஜ்யம் அழிந்தே தீரவேண்டுமென்பதில்லை என்று 2025 ஜூலையில் ஸர்வதேச நீதிமன்றமும் அபிப்பிராயம் தந்தது. எல்லைகளின் அளவையும், தஸ்தாவேஜுகளையும், முன்னோர் கதைகளையும் பத்திரப்படுத்துதல் இவ்வுரிமைக்கு அரணாகும்.

ஆயினும் அந்த மாயவுலகத்தின் திறவுகோல் எவர் கையில் இருக்கும்? இதுவே கேள்வி. துவாலு செய்திப் போக்குவரத்துக்கு நெடுங்காலம் செயற்கைக் கோள்களையே நம்பியிருந்தது. ‘டிவி’ என்று முடியும் அதன் இணைய முகவரிகளை நடத்துவதும் அந்நியக் கம்பெனியே. செல்வமிக்க ஸோல் நகர ஆட்சி 2023 ஜனவரியில் திறந்த மாயநகரம், போதிய ஜனங்கள் வராமையால் 2024 அக்டோபரில் மூடப்பட்டது. யந்திரமும் மின்சாரமும் பணமும் நின்றால் அவ்வுலகமும் நின்றுவிடும். பிறர் வீட்டுப் பெட்டியில் பூட்டி வைத்த ராஜ்யம் நமது ராஜ்யமாகுமா?

உயிருள்ள ஜனங்களின் கதி வேறு. 2023-ல் கையெழுத்தாகி 2024-ல் அமுலுக்கு வந்த உடன்படிக்கையின்படி, வருஷந்தோறும் 280 துவாலு பிரஜைகள் ஆஸ்திரேலியாவில் குடியேறலாம். அதற்கு ஈடாக, பிற தேசங்களுடன் பாதுகாப்பு ஏற்பாடு செய்வதற்குத் துவாலு ஆஸ்திரேலியாவின் சம்மதத்தைப் பெறவேண்டும். புகலிடத்தின் விலை இது!

புகையைக் கக்கி உலகை வெதுப்பிய பெருந்தேசங்கள், மாயத்தீவைக் காட்டித் தம் கடமையினின்றும் தப்ப இடங்கொடுக்கலாகாது. மாயவுலகம் தேசத்தின் நினைவைக் காக்கலாம். தேசத்தை வாழவைக்க மண்ணும் தண்ணீரும் ஆட்சியும் சொந்தமாக வேண்டும். முதலில் அவற்றைக் காப்போம்.