முடிவிலிருந்து எழுதப்படும் வரலாறு

ஜப்பானிய மாணவர் இயக்கம் குறித்துப் பேச்செழும்போதெல்லாம் ஒரு வாக்கியம் தவறாமல் வந்து விழுகிறது: "கடைசியில் அசாமா சான்சோவில்தானே முடிந்தது?"

1972 பிப்ரவரியில் ஐக்கியச் செஞ்சேனையினர் ஐவர் ஒரு மலைவிடுதியில் பெண்ணொருவரைப் பிணையாக வைத்துப் பத்து நாள் பதுங்கியிருந்ததும், அதே குளிர்காலத்தில் அவ்வமைப்பு 'சுயவிமர்சனம்' என்ற பெயரால் தன் தோழர்கள் 12 பேரை வதைத்துக் கொன்றதும் உண்மை. அதற்குச் சமாதானம் கற்பிக்கும் இடதுசாரி நண்பர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் முடிவைக் கொண்டு தொடக்கத்துக்குத் தீர்ப்பெழுதுவது வரலாறன்று, வசதி.

தொடக்கம் எது? டோக்கியோ பல்கலைக்கழக மருத்துவ மாணவர்கள், ஊதியமின்றி உழைக்க வைத்த பயிற்சி முறையையும் அதற்கு மாற்றாக அரசு கொணர்ந்த திட்டத்தையும் எதிர்த்தனர். 1968 மார்ச்சில் நிர்வாகம் 17 பேரைத் தண்டித்தது. அவர்களுள் ஒருவர் குற்றம் நடந்ததாகச் சொல்லப்பட்ட இடத்திலேயே இல்லை. அது எடுத்துக்காட்டப்பட்ட பின்னும் நிர்வாகம் உடனே திருந்தவில்லை. ஜூனில் கலகத்தடுப்புக் காவலரை வளாகத்துக்குள் அழைத்தது.

அதே ஆண்டு நிஹோன் பல்கலைக்கழகத்தில் சுமார் 200 கோடி யென் முறையாகக் கணக்கில் காட்டப்படாததை வரித்துறை கண்டறிந்தது. மாணவர்கள் கேட்டது புரட்சியையன்று, கணக்கை. செப்டம்பர் 30 அன்று ஆயிரக்கணக்கான மாணவர் முன்னிலையில் கோரிக்கைகளை ஏற்பதாக நிர்வாகம் வாக்களித்தது. பிரதமர் சாதோ கண்டித்ததும் அவ்வாக்கு காற்றில் போயிற்று.

1969 ஜனவரி 18, 19 தேதிகளில் யாசுதா அரங்கத்தை மீட்கச் சுமார் 8,500 காவலர் ஏவப்பட்டனர். அவ்வாண்டு டோக்கியோ பல்கலைக்கழக நுழைவுத்தேர்வே நடைபெறவில்லை. ஆகஸ்டில் பல்கலைக்கழகங்களை அடக்கச் சட்டமும் வந்தது.

கணக்குக் கேட்டவர்களும் நீதி கேட்டவர்களும் இவ்வாறு விரட்டப்பட்டபின் பெரும்பாலோர் வீடு திரும்பினர். எஞ்சியவர்களுள் ஒரு சிறு கூட்டமே மலையேறியது. கொலைப்பழி கொன்றவர்களுடையது, அதை வேறெவர் தலையிலும் ஏற்ற முடியாது. ஆனால் பேச வந்தவர்களின் முகத்தில் கதவை அறைந்து சாத்திய பழி எவருடையது? வீடு திரும்பிய பல்லாயிரவரை ஏன் அந்த ஐவரின் பெயரால் அழைக்கிறோம்?

1960 ஜூன் 15 அன்று நாடாளுமன்ற வளாகத்தில் உயிரிழந்த மாணவி கன்பா மிச்சிகோவையும், அப்போராட்டத்தால் பதவி துறந்த பிரதமர் கிஷியையும் மறந்துவிட்டு, 1972-ஐ மட்டும் நினைவில் வைப்பது மறதியன்று, தேர்வு.

அடுத்த முறை எவரேனும் அவ்வாக்கியத்தைச் சொன்னால் ஒன்று மட்டும் கேளுங்கள்: அங்கே இல்லாமலே தண்டிக்கப்பட்ட அந்த மாணவருக்கு உங்கள் வரலாற்றில் எத்தனை வரி?