வேடமும் வரலாறும்

போரில் வென்ற நாட்டினர், தோற்ற பகைவனின் உடையை விரும்பி அணிவது விந்தையே. ஆயினும் ஐக்கிய அமெரிக்காவில், இரண்டாம் உலகப் போர்க்கால ஜேர்மன் வீரராக வேடம் பூண்டு விடுமுறை நாட்களைக் கழிப்போர் உளர். இவ்வழக்கம் தோன்றிய வரலாற்றை அறிந்தாலன்றி இதன் நன்மை தீமைகளைச் சீர்தூக்குதல் இயலாது.

பழைய சமர்களை மீள நடித்துக்காட்டும் பொழுதுபோக்கு, அமெரிக்க உள்நாட்டுப் போரின் நூற்றாண்டு விழாவினால் வலுப்பெற்றது. 1961 யூலையில் வேர்ஜீனியா மாநிலத்து மனாசஸ் களத்திலே, இரு தரப்புச் சீருடைகளும் அணிந்த பெருந்திரளானோர் போலிச் சமர் புரிந்தனர். 1970களில் இவ்வார்வம் இரண்டாம் உலகப் போரின்பாலும் சென்றது. போலிச் சமருக்கும் எதிரி வேண்டுமன்றோ? ஆகவே சிலர் ஜேர்மன் உடை தரித்தனர். போர்முனையிலிருந்து மீண்ட அமெரிக்க வீரர் கொணர்ந்த தலைக்கவசங்களும் பதக்கங்களும் சேகரிப்போர் கைகளில் முன்னரே இருந்தன.

இதுவரை குறைகூற இடமில்லை. ஆனால், தேவைக்காக ஏற்ற வேடம் சிலர்க்குப் பெருமைக்குரிய வேடமாயிற்று. இதற்குக் காரணம் யாது? குடேரியன், மான்ஸ்ரைன் ஆகிய ஜேர்மன் தளபதிகளின் நினைவு நூல்கள் 1950களில் ஆங்கிலத்தில் வெளிவந்தன. போர்த்திறன் அவற்றிலே விரிவாகப் பேசப்பட்டது, படுகொலைகளோ மறைக்கப்பட்டன. சோவியத் நாட்டைப் பகையாகக் கருதிய பனிப்போர்க்கால அமெரிக்கர்க்கு, அந்நாட்டோடு பொருத ஜேர்மன் வீரன் அரசியல் அறியாத கடமை வீரனாகத் தோன்றினான். சிமெல்சர், டேவிஸ் என்னும் வரலாற்றாசிரியர் இருவர் 2008இல் வெளியிட்ட நூல் இதனை விரிவாக ஆராய்கின்றது.

இதன் விளைவு 2010இல் வெளிப்பட்டது. ஓகையோ மாநிலத்தில் அமெரிக்கக் காங்கிரசுக்குப் போட்டியிட்ட றிச் அயோட் என்பவர், எஸ். எஸ். படையின் 'வீக்கிங்' பிரிவினராக வேடமிட்டு வந்தவர் என்ற செய்தி பரவியது. வரலாற்று ஆர்வமே காரணம் என்றார் அவர், தேர்தலில் தோல்வியுற்றார். எஸ். எஸ். அமைப்பையோ நூரெம்பேர்க் நீதிமன்றம் 1946இலேயே குற்றவியல் அமைப்பெனத் தீர்த்துவிட்டது.

நடிப்பு வேறு, கொள்கை வேறு என வாதிடுவர். உண்மைதான். நம் கூத்தரங்கில் துரியோதனன் வேடம் புனைபவனை யாரும் துரியோதனன் என வெறுப்பதில்லை. ஆனால், அங்கே துகிலுரிதலும் ஆடப்படுகின்றது. அவன் செய்த அநீதி முழுவதும் அவை அறியவே அவன் ஆடுகின்றான். இங்கோ சமர் மட்டுமே ஆடப்படுகின்றது. சமர்க்களத்துக்குப் பின்னால் சுட்டுக்கொல்லப்பட்ட யூதரும், பட்டினியால் மாண்ட சோவியத் போர்க்கைதிகளும் அரங்கேறுவதில்லை. பொத்தானின் வடிவத்திலும் துணியின் நிறத்திலும் அணுவளவும் பிழை பொறுக்காதவர், இத்துணைப் பெரிய விடுபாட்டை எவ்வாறு பொறுக்கின்றனர்?

ஜேர்மனியிலே, கலை, கல்வி போன்ற நோக்கங்களுக்கன்றி நாஸிச் சின்னங்களைப் பொதுவிடத்திற் காட்டுதல் தண்டனைக்குரிய குற்றமாகும். அமெரிக்காவிலும் அத்தகைய சட்டம் வேண்டுமென்று நாம் கூறவில்லை. அச்சீருடையை அணிபவர், அதனை முன்னர் அணிந்தோர் செய்தவற்றையும் பார்ப்போர்க்கு எடுத்துரைக்கக் கடமைப்பட்டவர் என்பதே நம் கருத்து. அக்கடமையை ஏற்க மனமில்லாதவர் அதனைக் களைந்துவிடுதலே முறையாகும்.