ஸ்ரீகாந்த் ஆவரேஜ் 29தான்... அதுக்கு என்ன இப்போ?

நேத்து ஆபீஸ்ல மதியச் சாப்பாட்டு நேரத்துல ஒரு பெரிய பஞ்சாயத்து மக்களே. ஐபிஎல்-ல ஆரம்பிச்ச பேச்சு எப்படியோ எண்பதுகளுக்குப் போயிருச்சு. கூட ஆணி புடுங்குற நண்பர் மொபைல்ல புள்ளிவிவரத்தைத் தொறந்து வச்சுக்கிட்டு, "ஸ்ரீகாந்தா? டெஸ்ட்லயும் 29, ஒன்டேலயும் 29. இவரை எப்படிய்யா பத்து வருஷம் வச்சிருந்தாங்க?"ன்னு ஒரு சிரிப்பு சிரிச்சாரு.

அந்தச் சிரிப்புக்குத்தான் இந்தப் பதிவு.

கணக்கையே பேசுவோம். 43 டெஸ்ட், 2062 ரன். 146 ஒன்டே, 4091 ரன். ஆவரேஜ் 29 சொச்சம். ஒத்துக்கறேன். ஆனா பக்கத்துலயே ஸ்ட்ரைக் ரேட்னு ஒண்ணு போட்டிருக்கே, அதை ஏன் படிக்கல? ஒன்டேல 71 சொச்சம். இன்னைக்கு அது மொக்கை. அன்னைக்கு?

1975 உலகக்கோப்பை, லார்ட்ஸ். இங்கிலாந்து 60 ஓவர்ல 334. நம்ம கவாஸ்கர் கடைசி வரைக்கும் நின்னாரு. 174 பந்து, 36 நாட் அவுட். அவர் ஆவரேஜுக்கு ஒரு சேதாரமும் இல்ல. மேட்ச் மட்டும் 202 ரன்ல போச்சு!

அந்த டீமுக்குள்ளதான் 1981-ல, கிண்டி இன்ஜினியரிங் காலேஜ்ல எலக்ட்ரிகல் படிச்ச பையன் ஒருத்தன் வந்து, அதே கவாஸ்கர் கூட ஓப்பனிங் இறங்கி முதல் ஓவர்லருந்தே சாத்த ஆரம்பிச்சான். புதுப் பந்தைப் பாத்து பயப்பட வேண்டியதில்லன்னு நமக்குக் காட்டின முதல் ஆளுங்க வரிசையில அவருக்கு எடம் உண்டு.

1983 ஃபைனல்? ராபர்ட்ஸ், கார்னர், மார்ஷல், ஹோல்டிங். மொத்தம் 183. அதுல ஸ்ரீகாந்த் 57 பந்துல 38. வேற ஒருத்தரும் 30-ஐத் தொடல. ஜெயிச்சது 43 ரன்ல. இப்ப அந்த 38-ஐக் கழிச்சுப் பாருங்க சார். திருவேங்கடத்துல எங்க பெரியப்பா அதை ரேடியோவுலதான் கேட்டாராம். ராபர்ட்ஸை முட்டி போட்டு அடிச்ச அந்த ஃபோரை இன்னைக்கும் திண்ணையில முட்டி போட்டுக் காட்டுவாரு. 57 பந்து ஆடுனதெல்லாம் அவருக்குத் தெரியாது. அடி மட்டும் ஞாபகம் இருக்கு.

"கொஞ்சம் நின்னு ஆடியிருந்தா எங்கயோ போயிருப்பாரு"ன்னு ஒரு கோஷ்டி கிளம்பும். நிக்க முடியாமயா 1986-ல சிட்னியில 116-ம், 1987-ல சென்னையில பாகிஸ்தானுக்கு எதிரா 123-ம் அடிச்சாரு? நிக்கிறதுக்கு டீம்ல வேற ஆள் இருந்தாங்க. அடிக்கத்தான் ஆள் இல்ல. 1996-ல ஜெயசூர்யா அடிச்சப்போ உலகமே புரட்சின்னுச்சு. அவர் ஒன்டே ஆவரேஜும் 32 சொச்சம்தான். அங்க புரட்சி, இங்க பொறுப்பில்லாத்தனமா?

குறை இல்லாமலா? இருக்கு. தூக்கிக் குடுத்துட்டுப் போன விக்கெட் ஏராளம். 1989 பாகிஸ்தான் டூர்ல கேப்டனா இருந்தப்போ பேட்டிங் படு சொதப்பல். ஆனா 1982-83 டூர்ல 3-0ன்னு உதை வாங்கின ஊர்ல, 16 வயசு சச்சினையும் வச்சுக்கிட்டு, நாலு டெஸ்டையும் டிரா பண்ணிட்டு வந்தாரு. பரிசு? அடுத்த டூருக்கு கேப்டன் பதவியும் இல்ல, டீம்ல எடமும் இல்ல.

இவ்வளவு கோவம் எதுக்குன்னா, நானும் அந்த 36 நாட் அவுட் கோஷ்டிதான். ஊர்ல கண்மாய் வத்துனா அதுதான் எங்க கிரவுண்டு. ஒரு ஃபைனல்ல பத்து ஓவரும் கட்டை போட்டு 11 நாட் அவுட். தோத்தோம். "அவுட்டாவது ஆயித் தொலைச்சிருக்கலாம்லலே"ன்னு கேப்டன் சொன்னது இப்பவும் காதுல கேக்குது. ஆபீஸ்லயும் அதே கதை. தப்பு வராத ஆணியா பாத்துப் புடுங்குறேன், ரேட்டிங் நல்லா வருது. பக்கத்து சீட்டுல ஒருத்தன் யாரும் தொடாத சிக்கலைத் தொட்டு, நாலு தடவை சொதப்பி, அஞ்சாவது தடவை எல்லாரையும் காப்பாத்துறான். அவன் ஆவரேஜ் 29.

அவனைப் பாத்து சிரிக்க எனக்கு யோக்கியதை இல்ல. உங்களுக்கு?

டிஸ்கி: சிரிச்ச நண்பருக்கு இந்தப் பதிவை அனுப்பியாச்சு. இன்னைக்கு சாப்பாடு தனியாத்தான் :-)