நாட்டுச்சர்க்கரையும் சர்க்கரைதான், கண்ணுகளா!



கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள். சர்க்கரை உங்கள் இஷ்டம்.

ஐப்பசி பிறந்ததிலிருந்து என் வாட்ஸ்அப் முழுக்க பிஸ்கெட்டும் கேக்குமாகத்தான் வருகிறது. கேழ்வரகு குக்கீஸ், கம்பு பிரவுனி, தினை நான்கட்டாய், கருப்பட்டி கப் கேக். முன்பெல்லாம் தீபாவளி என்றால் அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறும். இப்போது வீட்டுக்கு வீடு ஓவன் வந்துவிட்டது. நல்ல விஷயம், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் அந்தப் படங்களுக்குக் கீழே ஒரு வரி போடுகிறீர்களே, "வெள்ளைச் சர்க்கரை துளியும் சேர்க்காதது, சுகர் பேஷன்ட்டும் பயமில்லாமல் சாப்பிடலாம்" என்று, அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. அப்படிப் போட்டவர்களில் நாலைந்து பேர் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர்கள். சதவீதக் கணக்கு நான் சொல்லிக்கொடுத்தது. அதனால் உரிமையோடு கோபப்படுகிறேன்.

உங்களில் ஒருவர் அனுப்பிய கேழ்வரகு பிஸ்கெட் அளவையே எடுத்துக்கொள்வோம். மாவு 200 கிராம், நாட்டுச்சர்க்கரை 150 கிராம், வெண்ணெய் 120 கிராம். 30 பிஸ்கெட் வரும் என்று எழுதியிருக்கிறது. 150ஐ 30ஆல் வகுத்தால் 5. பிஸ்கெட்டுக்கு 5 கிராம் நாட்டுச்சர்க்கரை, அதாவது ஒரு டீஸ்பூன். சாயங்காலக் காபிக்கு நாலு பிஸ்கெட் கடித்தால் நாலு ஸ்பூன் உள்ளே போயிற்று. மழை பெய்கிற சாயங்காலத்தில் நாலோடு நிறுத்துகிறவர் யார் என்று எனக்குத் தெரியவில்லை.

"அது நாட்டுச்சர்க்கரைதானே டீச்சர்" என்பீர்கள். வெல்லமோ நாட்டுச்சர்க்கரையோ, 100 கிராமில் 80 கிராமுக்குக் குறையாமல் சர்க்கரைதான் இருக்கிறது. மிச்சம் ஈரப்பதமும் கொஞ்சம் தாது உப்புகளும். கரும்பிலிருந்து வந்தாலும் பனையிலிருந்து வந்தாலும் அதில் பெரும்பகுதி சுக்ரோஸ். குடலுக்குள் போனதும் அது குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரியும். ரத்தத்தில் ஏறுகிற குளுக்கோஸ் பழுப்பு நிறச் சட்டை போட்டுக்கொண்டு வருவதில்லை. தேனில் ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்கு சர்க்கரை. பேரீச்சம்பழத்தில் நார்ச்சத்து உண்டு, சாப்பிடலாம், ஆனால் அதிலும் பாதிக்கு மேல் சர்க்கரை. அரைத்து விழுதாக்கி கேக்கில் கொட்டிவிட்டு "இனிப்பே சேர்க்கவில்லை" என்று எழுதினால் என்ன அர்த்தம்? கண்டென்ஸ்டு மில்க் ஊற்றிவிட்டு அப்படி எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த டின்னிலும் பாதிக்கு மேல் சர்க்கரை. அவர்களுக்கு என்ன பதில் சொல்வது!

வெல்லத்தில் இரும்புச்சத்து இருக்கிறது என்று அடுத்த வாதம் வரும். இருக்கட்டும். ஒரு பிஸ்கெட்டில் உள்ள 5 கிராம் வெல்லத்திலிருந்து எவ்வளவு இரும்பு கிடைத்துவிடப் போகிறது? இரும்பு வேண்டுமானால் முருங்கைக்கீரையைப் பொரியல் பண்ணுங்கள், சுண்டலைச் சாப்பிடுங்கள். கேழ்வரகு நல்ல தானியம், 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து. நான் மறுக்கவே இல்லை. ஆனால் அதிலும் மாவுச்சத்துதான் பெரும்பங்கு. அதை நைசாக அரைத்து, வெண்ணெயும் வெல்லமும் சேர்த்துச் சுட்டபின் அது மருந்தாகிவிடாது. "பொரிக்கவில்லை, பேக் பண்ணினது" என்பதும் அப்படித்தான். மேலே சொன்ன கணக்கில் பிஸ்கெட்டுக்கு 4 கிராம் வெண்ணெய் இருக்கிறது.

இதை ஏன் இவ்வளவு காரமாக எழுதுகிறேன் என்றால், என் உறவில் ஒரு பெரியவர். பெயர் வேண்டாம், படிக்கிறவர்களில் சிலருக்குத் தெரியும். இருபது வருஷமாகச் சர்க்கரை நோய், மாத்திரையில் கட்டுப்பாடாக இருந்தவர். லட்டைத் தொடமாட்டார், ஜாங்கிரியைத் திரும்பிப் பார்க்கமாட்டார். போன தீபாவளிக்கு அவருக்கென்றே இரண்டு வீடுகளிலிருந்து கருப்பட்டி கேக்கும் தினை குக்கீஸும் வந்தன. பாசத்தில் கொடுத்ததுதான். ஒரு வாரம் காலையும் மாலையும் சாப்பிட்டார். தலைசுற்றல் என்று கூட்டிப்போனால் சர்க்கரை 380. டாக்டர் கேட்கிறார், "பண்டிகை இனிப்பு ரொம்பச் சாப்பிட்டீங்களா?" இவர் சொல்கிறார், "இனிப்பே தொடலை டாக்டர்." அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. அவர் அதை இனிப்பென்றே கணக்கில் வைக்கவில்லை. லட்டு என்று தெரிந்து தின்றிருந்தால் பாதியோடு நிறுத்தியிருப்பார்.

இதுதான் எனக்கு ஆறவில்லை. வெள்ளைச் சர்க்கரைக்காவது நாம் பயப்படுகிறோம். இதற்குப் பயமே இல்லை. ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023இல் வெளியானதே, நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய், இன்னும் 13 கோடிப் பேருக்கு மேல் அதன் வாசலில் நிற்கிறார்கள் என்று. நம் சொந்தத்தில் யாருக்குமே இல்லாத வீடு ஒன்று சொல்லுங்கள் பார்க்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன அளவு, ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுகிறவர் சர்க்கரையை 50 கிராமுக்குள் வைக்கவேண்டும், 25க்குள் வைத்தால் இன்னும் நல்லது. அந்தக் கணக்கில் தேனும் வெல்லமும் சேர்த்திதான். நம் காபி, டீயிலேயே பாதி போய்விடுகிறது.

வீட்டிலிருந்தே டப்பா போட்டு விற்கிற என் மாணவிகளுக்குத் தனியாக ஒன்று. நீங்கள் சொந்தக் காலில் நிற்பதில் எனக்குப் பெருமை, ஆர்டரும் கொடுப்பேன். ஆனால் "சுகர் ஃப்ரீ" என்ற வார்த்தைக்குச் சட்டப்படி ஓர் அளவு இருக்கிறதம்மா. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி 100 கிராம் பண்டத்தில் சர்க்கரை அரை கிராமுக்கு மேல் போகக்கூடாது. உங்கள் பிஸ்கெட்டில் நூற்றுக்கு இருபத்தைந்துக்கு மேல் இருக்கும். அழகான ரிப்பனுக்குக் கீழே "ஒரு பிஸ்கெட்டில் 4 கிராம் சர்க்கரை" என்று எழுதி ஒட்டுங்களேன். வாங்குகிறவர் எத்தனை தின்பது என்று அவரே முடிவு செய்துகொள்வார்.

உடனே "அப்படியென்றால் பண்டிகையே வேண்டாமா அத்தை?" என்று ஒரு குரல் எங்கள் குடும்ப குரூப்பிலிருந்து வரும், யார் என்றும் தெரியும். வேண்டும், நன்றாகவே வேண்டும். எனக்கு மைசூர்பாகு உயிர். மைசூர்பாகிலும் அதிரசத்திலும் சர்க்கரையைக் குறைக்கச் சொல்லவும் மாட்டேன். அங்கே பாகுதான் பண்டத்தைப் பிடித்து நிறுத்துகிறது. குறைத்தால் பதம் கெடும், அதிரசம் எண்ணெயில் பிரிந்துபோகும். அதையெல்லாம் அளவு மாறாமல் செய்யுங்கள், வில்லையைச் சிறிதாக்குங்கள், கால் கிலோவோடு நிறுத்துங்கள். வீட்டுக்கு அரைக் கிலோ என்று பத்து வீட்டுக்குக் கொடுத்து, பத்து வீட்டிலிருந்து வாங்கி, பொங்கல் வரை டப்பா டப்பாவாக அடுக்கி வைப்பது எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறது?

குறைக்கவேண்டியது ருசிக்காக மட்டும் சர்க்கரை போடுகிற பண்டங்களில். ரவா லட்டு, கேசரி, பாயசம், அப்புறம் கேக், பிஸ்கெட். 200 கிராம் ரவைக்கு 200 சர்க்கரை போடுகிறீர்கள், 120 போதும். கேக்கில் சர்க்கரை இனிப்பைத் தவிர வேறு வேலையும் பார்க்கிறது. ஈரத்தைப் பிடித்து வைக்கும், மேலே பொன்னிறம் கொடுக்கும். அதனால் முதல் தடவை கால் பங்கு மட்டும் குறையுங்கள், வீட்டில் ஒருவரும் கண்டுபிடிக்கமாட்டார்கள். அதற்குக் கீழே போனால் கேக் உலரும். அதற்குத்தான் பரங்கிக்காய் இருக்கிறது. கொஞ்சம் தயிரும் உதவும். நிறம் வெளுத்துத்தான் வரும், அதைப் பார்த்து இன்னும் பத்து நிமிஷம் ஓவனில் விட்டுக் காய்த்துவிடாதீர்கள். ஒரு சிட்டிகை உப்பும், அன்றைக்கு இடித்த ஏலக்காயோ பட்டையோ போட்டால் அதே சர்க்கரை நாக்குக்குக் கூடுதலாகத் தெரியும். செயற்கை இனிப்புப் பொடியைக் கேட்கிறார்கள் சிலர். எடை குறைப்பதற்காக அதை நம்பவேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2023இல் சொல்லிவிட்டது. சர்க்கரை நோயாளிகள் அவரவர் டாக்டரைக் கேளுங்கள், என்னைக் கேட்காதீர்கள்.

ஒரே ஒரு செலவு செய்யுங்கள், சமையலறைத் தராசு. கப் கணக்கில் ஏமாற்றம் அதிகம். நாட்டுச்சர்க்கரையைத் தளரப் போட்டால் ஓர் எடை, அழுத்தி நிரப்பினால் வேறு எடை.

போன முறை படம் மட்டும் போட்டுவிட்டேன் என்று திட்டியவர்களுக்காக என் அளவுகள். நான்கட்டாய்: கோதுமை மாவு 150 கிராம், கடலை மாவு 50, நெய் 110, பொடித்த சர்க்கரை 60, ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு, ஒரு சிட்டிகை சோடா. 24 உருண்டை, 160 டிகிரியில் 18 முதல் 20 நிமிஷம். ஒன்றுக்கு இரண்டரை கிராம் சர்க்கரை, சாதாரண வெள்ளைச் சர்க்கரைதான்.

பரங்கிக்காய் கேக்: கோதுமை மாவு 200 கிராம், ஆவியில் வேகவைத்து நீர் வடித்து மசித்த பரங்கிக்காய் 250, முட்டை 2, எண்ணெய் 80 மில்லி, சர்க்கரை 90, பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன், பட்டைப் பொடி, கொஞ்சம் சுக்கு. 180 டிகிரியில் 35 முதல் 40 நிமிஷம். 16 துண்டு போட்டால் துண்டுக்கு 6 கிராமுக்கும் குறைவு. ஓவன் இல்லாதவர்கள் குக்கரில் மணல் பரப்பி, கேஸ்கெட்டும் வெயிட்டும் எடுத்துவிட்டுச் செய்யலாம், நேரம் கொஞ்சம் கூட ஆகும்.

இந்தத் தீபாவளிக்கு எனக்கு டப்பா அனுப்புகிறவர்கள் மூடியில் இரண்டு எண் எழுதி அனுப்புங்கள்: எத்தனை துண்டு, மொத்தம் எத்தனை கிராம் சர்க்கரை. வெல்லம், தேன், கருப்பட்டி, பேரீச்சை எல்லாம் அதில் அடக்கம். எழுதாத டப்பா வந்தால் போன் பண்ணிக் கேட்பேன், காலை ஆறு மணிக்கு.

— உங்கள் டீச்சர்