கொழுந்தும் கூடைப்பந்தும்

குன்னூர்ச் சரிவுகளில் தேயிலைக் கொழுந்து கிள்ளும் பெண்களை நம் நேயர்களில் பலர் பார்த்திருக்கக்கூடும். இரண்டு இலையும் ஒரு மொட்டும் எங்கே இருக்கின்றன என்று அவர்கள் தேடுவதாகவே தோன்றாது. கண் பட்ட இடத்தில் கை இருக்கும். புதிதாக வந்தவளோ ஒவ்வொரு தளிராக ஆராய்ந்து கொண்டு நிற்பாள். அவளுக்குக் கண் மந்தம் என்று யாரும் சொல்வதில்லை.

ஆனால் கூடைப்பந்து மைதானத்தில் மட்டும் அப்படிச் சொல்லிவிடுகிறோம்! பந்து கைக்கு வந்ததும் திகைத்து நிற்கும் சிறுவனை, "இவனுக்கு மூளை ஓடாது" என்று ஓரத்தில் உட்கார வைக்கிறோம்.

1891-ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் தொடங்கிய இவ்விளையாட்டு, ஒய்.எம்.சி.ஏ. சங்கத்தின் வழியே நம் நாட்டுக்கு வந்தது. 1920-ல் ஹாரி குரோ பக் சென்னையில் நிறுவிய உடற்பயிற்சிக் கல்லூரிக்கு அதில் பெரும் பங்கு உண்டு. இன்றைய சர்வதேச விதிப்படி, பந்தைப் பெற்ற கட்சியார் 8 விநாடிக்குள் மைதானத்தின் பாதியைக் கடக்க வேண்டும்; 24 விநாடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும். இந்த அவசரத்தில் யோசிப்பது எப்படி?

1980-ல் அல்லார்டு முதலிய ஆராய்ச்சியாளர் ஒரு சோதனை செய்தார்கள். ஆட்டப் படங்களை 4 விநாடி மட்டும் காட்டி, யார் யார் எங்கே நின்றார்கள் என்று கேட்டார்கள். திட்டமிட்ட தாக்குதலின் படமானால், தேர்ந்த ஆட்டக்காரர்கள் மற்றவர்களைவிட நன்றாகச் சொன்னார்கள். ஒழுங்கின்றிக் கலைந்து ஓடும் படமானால் அந்த மேன்மை மறைந்து போயிற்று! அவர்களுடைய திறமை கண்ணின் வேகத்தில் இல்லை. பழகிய அமைப்பை அடையாளம் காண்பதில்தான் இருந்தது.

அப்படியானால், எதிரி இல்லாத மைதானத்தில் வரிசையாக நின்று பந்தைத் தட்டிக் கொண்டிருந்தால் கை பழகும், கண் பழகாது. ஓரத்தில் நின்று "அங்கே கொடு, இங்கே ஓடு" என்று உபாத்தியாயர் கூவுவதோ இன்னும் மோசம். பையன் மைதானத்தை விட்டு அவர் வாயையே பார்க்கப் பழகிவிடுகிறான். மூவரை இருவர் எதிர்க்கும் சிறு ஆட்டங்களை வைக்கலாம். நடுவே ஊதலை ஊதி, கண்ணை மூடச் சொல்லி, "உன் இடப்புறம் யார்?" என்று கேட்கலாம். உதகை ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சமவெளியிலிருந்து வந்த பிள்ளைக்கு மூச்சு வாங்கும்போது பந்தைத் தவிர வேறொன்றும் கண்ணில் படாது. முதல் சில நாட்கள் ஆட்டத்தைச் சுருக்கிக் கேள்வியைப் பெருக்குவது நலம்.

ஆனி, ஆடி மழையில் மைதானம் நனைந்து கிடக்கும் நாட்களை வீணாக்க வேண்டுவதில்லை. ராணுவ அதிகாரிகள் வரைபடத்தையும் மணல் மாதிரியையும் வைத்துக்கொண்டு யுத்தம் பழகுகிறார்கள். வெல்லிங்டனில் அவர்களுக்கென்றே கல்லூரி இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு ஒரு மேஜையும், இரு நிறத்தில் ஐந்தைந்து பித்தான்களும், பந்துக்கு ஒரு புளியங்கொட்டையும் போதும். ஒரு பித்தானை நகர்த்திவிட்டு, அடுத்து எது நகரும் என்று கேளுங்கள். ஓரத்தில் உட்கார வைத்த பையனை முதலில் கேளுங்கள்.